கிராணி கூப்பிடும்வரை

கசக்கிய ஆரஞ்சுத் தோலின் காரமும் பேருந்தின் டீசல் புகையும் கலந்தால் என்ன வாசனை வரும் என்று யாராவது கேட்டால், ஈப்போ வாசனை வரும் என்று யோசிக்காமல் சொல்லிவிடுவேன். ரிங்லெட்டிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும் மலைப்பாதையில் எத்தனை வளைவுகள் என்று எண்ணத் தொடங்கிய யாரும் எங்கள் தோட்டத்தில் எண்ணி முடித்ததில்லை. பாதியிலேயே ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிவிடுவார்கள். ஆரஞ்சுத் தோலைக் கசக்கி மூக்கருகே வைத்துக்கொண்டால் வயிறு புரளாது என்பது அம்மாவின் வைத்தியம். நான் அதைத் தவறாமல் செய்தேன். தவறாமல் வாந்தியும் எடுத்தேன். இப்போதும் சீனப் புத்தாண்டுக்கு யாராவது அன்போடு ஓர் ஆரஞ்சை உரித்து நீட்டினால், எனக்கு நன்றி சொல்லத் தோன்றுவதற்கு முன்னால் காது மடல் சூடாகிவிடுகிறது.

அதற்கு வாந்தி காரணமில்லை. எங்கள் மலையில் வாந்தி எடுக்காதவன் எவன்? பதின்மூன்று வயதில் என் அக்கா சரோஜாவுக்கு வழிகாட்டியாக, மலைக்குக் கீழே இருக்கும் ஈப்போ நகரத்துக்குப் போன ஒரு நாள்தான் காரணம். அந்த நாளை நான் பல பேரிடம் பல விதமாகச் சொல்லியிருக்கிறேன். நடந்த விதமாகச் சொல்வது இதுதான் முதல் தடவை.

எண்பதுகளின் தொடக்கம் அது. எங்கள் தேயிலைத் தோட்டம் கேமரன்மலையில் ரிங்லெட்டுக்கு மேலே, காலை ஒன்பது மணிவரை பனிமூட்டத்துக்குள் ஒளிந்து கிடக்கும். அப்பா தேயிலைக்கு மருந்தடிப்பவர். அம்மா கொழுந்து பறிப்பவர். வெள்ளைக்கார மேனேஜர்கள் போய் நம் நாட்டுக்காரரே அந்த நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் அவருக்குப் பெயர் “துரை”தான். துரையின் கார் தோட்டத்துச் சாலையில் வந்தால், நடந்து போகிறவர்கள் ஓரத்துப் புல்லில் இறங்கி, கார் கடந்து போகும்வரை நிற்க வேண்டும். துரைக்கும் எங்களுக்கும் நடுவே இருந்தவர் “பெரிய கிராணி”. தோட்ட ஆபீசின் எழுத்தர் என்று இன்றைக்கு மூன்று சொல்லில் சொல்லிவிடலாம். அன்றைக்கு அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாலே, எதிரே நிற்பவனுக்குத் தான் என்ன தப்பு செய்தோம் என்று தேடத் தோன்றும்.

ஆபீசுக்கு முன்பக்கம் மூன்று படிகள், சிவப்புச் சாயம் தேய்த்த தரை, பித்தளைக் கைப்பிடி போட்ட கதவு எல்லாம் இருந்தன. அந்த வழி துரைக்கும் கிராணிக்கும் விருந்தாளிகளுக்கும். எங்களுக்குப் பக்கச் சுவரில் ஒரு ஜன்னல். செருப்பைப் படியோரம் கழற்றிவிட்டு, சுவரைச் சுற்றி வந்து, ஜன்னலுக்குக் கீழே சாக்கடை ஓரமாக நிற்க வேண்டும். இருமக் கூடாது, எட்டிப் பார்க்கக் கூடாது. கிராணிக்குத் தோன்றும்போது உள்ளேயிருந்து பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். அதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பது அவருக்கும் அவருடைய தேத்தண்ணிக்கும் உள்ள விவகாரம். அப்பா எனக்குச் சொல்லிக் கொடுத்தது இது: “நாம வந்து நிக்கிறது அவருக்குத் தெரியும்டா. தெரியாத மாதிரி இருக்கிறது அவரு வேல. நிக்கிறது நம்ம வேல.” அப்பாவுக்கு உடம்பு சரியில்லாத நாள்களில் மருத்துவச் சீட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான்தான் என்பதால், நிற்கும் வேலையில் அந்த வயதிலேயே நான் கைதேர்ந்தவன்.

நான் கைதேர்ந்த இன்னொரு வேலை, கதை விடுவது. ஆறாம் வகுப்பில் படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் எங்களை ஒருநாள் ஈப்போவுக்கு அழைத்துப் போனார்கள். போகும் வழியெல்லாம் வாந்தி எடுத்த என்னை, வாத்தியார் தம் துண்டைத் தலையில் போட்டுப் பேருந்திலேயே படுக்க வைத்துவிட்டார். நான் பார்த்த ஈப்போ, ஒரு பேருந்தின் தரையும் அதில் நசுங்கிக் கிடந்த கச்சான் கடலைத் தோலும்தான். ஆனால் ஊர் திரும்பிய மறுநாளே, எங்கள் லயன் வீடுகளின் வரிசையில் ஈப்போ விவகாரங்களுக்கு நான் பொறுப்பேற்றுக்கொண்டேன். “லிப்டு”க்குள் நின்றால் வயிறு எங்கே போகும், சிவப்பு விளக்கு எரிந்தால் போலீஸ்காரன்கூட எப்படி நிற்பான் என்றெல்லாம் குழாயடியில் வகுப்பு எடுத்தேன். பெரியவர்களே நின்று கேட்டார்கள். “இவன் டவுனுக்குப் பொறந்தவன்லா” என்று பக்கத்து வீட்டு அஞ்சலை அக்கா என் கன்னத்தைக் கிள்ளியபோது, நானும் அதை நம்பிவிட்டேன்.

அந்த நேரத்தில்தான் அக்காவுக்குக் கடிதம் வந்தது. அக்கா தானா ராத்தா ஊர்ப் பள்ளியில் எஸ்.ஆர்.பி. என்ற மூன்றாம் படிவப் பரீட்சை தேறி, அரசாங்க மருத்துவமனையில் உதவித் தாதி வேலைக்கு மனுப் போட்டிருந்தாள். எங்கள் பேச்சில் அது “மிஸ்ஸி வேல”. எங்கள் லயத்தில் அதுவரை யாரும் மிஸ்ஸி ஆனதில்லை. மிஸ்ஸியிடம் ஊசி போட்டுக்கொண்டதுதான் அதிகபட்சம். நேர்முகத் தேர்வு ஈப்போவில், காலை பத்தரை மணிக்கு. அதில் தேறினால் பயிற்சிக்குப் போகலாம். தேறாவிட்டால் என்ன என்பதை யாரும் சொல்லவில்லை. அம்மா ஏற்கெனவே அக்காவுக்காகக் கொழுந்து பறிக்கும் ரோத்தான் பிரம்புக் கூடை ஒன்றைச் சொல்லி வைத்திருந்தாள். பதினெட்டு வயதுப் பெண்ணை அதற்கு மேல் வீட்டில் சும்மா வைத்திருக்க எங்களால் முடியாது.

மருந்தடிக்கும் மாதம் என்பதால் அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. அம்மாவுக்கு ரிங்லெட்டைத் தாண்டினால் திசை தெரியாது. “வயசுப் பொண்ண ஒத்தையில எப்படி அனுப்புறது” என்று அம்மா புலம்பிக்கொண்டிருந்தபோது, வாசலில் நின்ற அஞ்சலை அக்கா சர்வ சாதாரணமாகச் சொன்னாள்: “ஏன், தம்பி இருக்கானே. ஈப்போவ கரைச்சுக் குடிச்சவனாச்சே.”

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த ஒரு நொடியில், “நான் பார்த்தது பேருந்தின் தரையைத்தான்” என்று சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை. நான் சொன்னது: “ஈப்போதானே, அது என்னா பெரிய விசயமா.” அன்றிலிருந்து புறப்படும் நாள்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. பொறுப்பு வந்துவிட்டதால் பையன் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று அம்மா பெருமைப்பட்டாள்.

புறப்படும் காலையில், பள்ளிச் சீருடையின் நீலப் பாவாடையைக் கீழ்விளிம்பு பிரித்து நீளமாக்கி அக்கா உடுத்தியிருந்தாள். காலில் அஞ்சலை அக்கா தன் கல்யாணத்துக்கு வாங்கிய குதிகால் செருப்பு. ஓர் அளவு பெரியது என்பதால் முனையில் காகிதம் திணித்திருந்தது. நெஞ்சோடு அணைத்த கோப்பில் சான்றிதழ்கள். “தம்பி சொல்றதக் கேட்டு நடந்துக்க” என்று அம்மா அவளிடம் சொன்னாள். என்னிடம், “அக்காவப் பத்திரமா பாத்துக்கடா” என்றாள். தாப்பாவில் பேருந்து மாறும்போது என்னைத் தோளில் தாங்கி இறக்கியவள் அக்கா. என் வாயைத் துடைத்துவிட்டதும் அவள்தான். இருந்தாலும் பொறுப்பு என்னுடையதாகவே இருந்தது.

ஈப்போவில் இறங்கியதும் வழி கேட்டவள் அவள். கேட்ட வழியில் முன்னால் நடந்தவன் நான். முதல் பெரிய சாலையிலேயே சிக்கல் வந்தது. சாலையோரம் போய் நின்றோம். ஒரு கார் வந்தது. இருவரும் ஒன்றாகப் பின்னால் நகர்ந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். அது போனதும் ஓர் அடி முன்னால் வைத்தோம். இன்னொரு கார். மறுபடியும் பின்னால். தோட்டத்தில் ஒரு நாளைக்கு ஒரு கார், மிஞ்சினால் இரண்டு. இந்த ஊரிலோ துரைமார்கள் வரிசையாக வந்துகொண்டே இருந்தார்கள். எவ்வளவு நேரம் அப்படி முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தோமோ தெரியாது. கடைசியில் காய்கறிப் பையோடு வந்த சீனத்துப் பாட்டி ஒருத்தி, என்னவோ முணுமுணுத்தபடி என் சட்டைக் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்து அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டாள். பின்னால் அக்கா ஓடி வந்தாள்.

“நீ போன தடவ எப்படிடா தாண்டுன?” என்றாள்.

“அப்ப இந்த ரோடு இல்ல” என்றேன்.

இவ்வளவுக்குப் பிறகும் பத்தே காலுக்கெல்லாம் அந்தக் கட்டடத்தின் முன்னால் நின்றுவிட்டோம். அதை ஒரு வெற்றி என்றே சொல்ல வேண்டும். அத்தோடு நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், அக்கா மிஸ்ஸி.

வாசலில் ஆள் உயரத்துக்கும் மேலே ஒரு கண்ணாடிக் கதவு. அதுவரை நான் கண்ணாடியில் செய்த கதவைத் தொட்டதில்லை. வழிகாட்டி என்ற முறையில் நானே முன்னால் போய் அதன் கைப்பிடியைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. “தோலாக்” என்று என் மூக்குக்கு நேராக எழுதியிருந்தது. தள்ளு என்று பொருள். மலாய்ப் பாடத்தில் நான் நல்ல மார்க்கு வாங்குபவன். பயந்தவனுக்குப் படிக்கத் தெரியாது என்பதை அன்றைக்குக் கண்டுகொண்டேன். இன்னும் பலமாக இழுத்தேன். கண்ணாடிக்குள் என் முகம் தெரிந்தது, அதற்குப் பின்னால் மேசைகளும் தலைகளும் தெரிந்தன, அந்தத் தலைகளில் ஒன்று நிமிர்ந்து என்னைப் பார்த்தது. கைப்பிடியை நெருப்பைப் போல விட்டுவிட்டுத் திரும்பினேன்.

“பூட்டியிருக்குக்கா” என்றேன்.

அதே நொடியில் ஒருவர் எங்களைத் தாண்டிப் போய், தோளால் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தார்.

“தெறந்துதானேடா இருக்கு” என்றாள் அக்கா.

“அவரு கூப்பிட்ட ஆளு. நாம அப்படியெல்லாம் போகக் கூடாது. ஆபீசுன்னா எல்லா ஊர்லயும் ஒரே சட்டம்தான். கிராணி கூப்பிடுவாரு.”

எனக்கே அது நியாயமாகப் பட்டது. என் பயத்துக்கு ஒரு சட்டம் கிடைத்தது. செருப்பைக் கழற்றி வாசலோரம் வரிசையாக வைத்தேன். அக்காவின் குதிகால் செருப்பையும் கழற்றச் சொல்லி அதன் பக்கத்தில் வைத்தேன். பிறகு கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு போய்ப் பக்கச் சுவரில் ஒரு ஜன்னலைத் தேடிப் பிடித்தேன். கீழே சாக்கடைகூட இருந்தது. எனக்குச் சொந்த ஊருக்கு வந்ததுபோல ஆகிவிட்டது. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அக்காவும் வந்து நின்றாள். அவளும் அந்தத் தோட்டத்தில் பிறந்தவள்தானே. அப்பா அவளுக்கும் அதைத்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்.

உள்ளே டைப்ரைட்டர் அடிக்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஜன்னல் வழியாக ஒரு கை நீண்டு, கோப்பையில் மிச்சமிருந்த காப்பியை வெளியே ஊற்றியது. அது என் தோளில் விழுந்தது. நான் அந்தக் கையைப் பார்த்து “மன்னிக்கணும்” என்றேன். அந்தக் கையும் ஜன்னலை மூடிக்கொண்டது. “பாத்தியா, நாம நிக்கிறது தெரிஞ்சுபோச்சு” என்று அக்காவிடம் சொன்னேன்.

பத்தரை ஆனது. பதினொன்று ஆனது. முன்வாசலில் அக்கா வயதுப் பெண்கள் கோப்புகளோடு வந்து, சப்பாத்துக் காலோடு உள்ளே போவது மூலையிலிருந்து தெரிந்தது.

“தம்பி, அவளுங்களும் இண்டர்வியூக்குத்தான் வந்திருக்காளுங்க. நாமளும் போலாம்டா.”

“அவங்க டவுன் ஆளுங்க. அவங்களுக்கு வேற.”

“நான் போயி ஒரு வார்த்த கேட்டுட்டு வரேன்.”

அவள் நகர்ந்தாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். “அக்கா, என்னைய அசிங்கப்படுத்தாத” என்றேன். அந்தச் சொல்லை யார் யாரிடம் சொன்னது என்று இப்போது நினைத்தால், எழுதுகிற பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்சம் நடக்க வேண்டியிருக்கிறது. அவள் நின்றுவிட்டாள். ஆண்பிள்ளைத் துணை என்று வீட்டில் அனுப்பி வைத்தவனின் பேச்சு அது. காரணமாவது வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ, “அப்ப நீயாச்சும் போயி யாருகிட்டயாவது கேட்டுட்டு வா” என்றாள்.

மறுக்க வழியில்லை. சுவரைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனேன். அங்கே மலாய்க்காரப் பெரியவர் ஒருவர் இலைகளைக் கூட்டிக்கொண்டிருந்தார். “புவாட் அப்பா சினி, டேக்?” என்று அன்பாகத்தான் கேட்டார், இங்கே என்ன செய்கிறாய் தம்பி என்று. “துங்கு கெராணி” என்றேன், கிராணிக்காகக் காத்திருக்கிறேன். அவர் துடைப்பத்தில் சாய்ந்துகொண்டு சிரித்தார். “கெராணி மானா? டாலாம் து செமுவா கெராணிலா.” எந்தக் கிராணி, உள்ளே இருப்பவர்கள் எல்லாருமே கிராணிதான் என்கிறார்.

மலாயில் கெராணி என்றால் ஆபீசில் எழுதிக்கொண்டிருக்கும் எந்தச் சாதாரண ஆளும்தான். அது எனக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரிந்த கிராணி ஒருவர். அந்த ஒருவருக்கே ஒரு தோட்டம் முழுவதும் நடுங்கியது. இங்கே ஒரு கட்டடம் நிறையக் கிராணிகள். இருபது மூக்குக்கண்ணாடிகள் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்துத் துடைக்கப்படுவதுபோல இருந்தது. என் முகம் போன போக்கைப் பார்த்து அந்தப் பெரியவர் இரக்கத்தோடு, நேர்முகத் தேர்வுக்கா என்று கேட்டார். தலையாட்டினேன். அவர் மேலே கையைக் காட்டினார். இரண்டாவது மாடி. முன்கதவு வழியாகப் போய்ப் படியேறு. சீக்கிரம் போ, கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு சொல்லும் எனக்குப் புரிந்தது.

அப்போது பதினொன்றேகால் இருக்கும். சுவரைச் சுற்றி அக்காவிடம் திரும்பி வந்தேன்.

“என்னடா சொன்னாங்க?”

“பெரிய கிராணி இன்னும் வரலயாம். இங்கயே நிக்கச் சொன்னாங்க.”

இதுதான் நான் இத்தனை வருடமாக யாரிடமும் சொல்லாதது. கதவைத் தள்ளத் தெரியாதது சின்னப் பையன் பயம். அதைச் சொல்லிச் சிரிக்கலாம், சிரித்தும் இருக்கிறேன். இது வேறு. அந்தக் கண்ணாடிக்குள் மறுபடியும் என் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்பதற்காக, வாய் கூசாமல் சொன்னேன். அக்கா நம்பினாள். சான்றிதழ்க் கோப்பை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு, வெறுங்காலோடு வெயிலில் நின்றாள். மலையில் வளர்ந்த எங்களுக்கு அந்த வெயில் புதிது. அவள் நெற்றிப் பொட்டு வியர்வையில் கரைந்து மூக்கில் இறங்கியது. நான் அதைத் துடைத்துக்கொள்ளச் சொல்லிப் பொறுப்பாக நினைவூட்டினேன்.

ஒரு மணி அடிக்கும் நேரத்தில் பெண்கள் சிரித்துப் பேசிக்கொண்டு வெளியே வந்தார்கள். அவர்களில் ஒரு தமிழ்ப் பெண் எங்களைப் பார்த்து நின்று, அக்காவின் கோப்பைப் பார்த்தாள்.

“நீங்க கேமரன்மலை சரோஜாவா? மேல உங்க பேர மூணு தடவ கூப்பிட்டாங்களே. நீங்க வரலன்னு எழுதிக்கிட்டாங்க.”

அக்கா என்னைப் பார்க்கவில்லை. ஓடினாள். அந்தக் கண்ணாடிக் கதவை ஒரு கையால் தள்ளினாள். வாசலில் கட்டிய சேலைத் திரையைப்போல அது விலகிக்கொண்டது. வெறுங்கால்கள் படியேறும் சத்தம் கொஞ்ச தூரம் கேட்டது. நான் போகவில்லை. வாசலில் இருந்த இரண்டு சோடிச் செருப்புகளுக்குக் காவலாக நின்றேன்.

பத்து நிமிடத்தில் திரும்பி வந்தாள். “முடிஞ்சிருச்சாம். அடுத்த வருசம் மனுப் போடச் சொல்றாங்க” என்றாள். செருப்பைப் போட்டுக்கொண்டாள். முனையிலிருந்த காகிதம் நழுவியிருந்தது. குனிந்து அதைச் சரிசெய்ய வெகுநேரம் எடுத்துக்கொண்டாள். நிமிர்ந்தபோது கேட்டது ஒரே கேள்விதான். “கிராணி வரலன்னு உனக்கு யாருடா சொன்னது?”

“அங்க கூட்டிக்கிட்டு இருந்த பெரியவரு.”

“அவருக்கு என்ன தெரியும், பாவம்” என்றாள். “வா. உனக்குப் பசிக்கும்.”

பக்கத்தில் தமிழ் முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக்கடையில் எனக்கு மீ கோரெங் வாங்கிக் கொடுத்தாள். அவள் தேத்தண்ணி மட்டும் குடித்தாள். “தங்கச்சிக்கு ஒண்ணும் வேணாமா?” என்று கடைக்காரர் இரண்டு முறை கேட்டார். நான் தட்டை வழித்துச் சாப்பிட்டேன். பல நாளாக இறங்காத சோறு அன்றைக்கு அவ்வளவு சுகமாக இறங்கியது. பரீட்சை எனக்கு முடிந்துவிட்டதல்லவா.

மலையேறும் பேருந்தில் வாந்திக்கு நடுவே மூன்று விதமான பொய்களைத் தயார் செய்தேன். ஒன்றுக்கும் வேலை வரவில்லை. வீட்டு வாசலில் அப்பா, “என்னாச்சும்மா?” என்றதும், நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொன்னாள்: “நெறைய பேரு வந்திருந்தாங்கப்பா. என்னைய எடுக்கல.” அவ்வளவுதான். அப்பா, “சரி, நமக்குன்னு இருக்கிறது இருக்குல்ல” என்றார். நமக்குன்னு இருந்தது, சுவரோரம் சாத்தியிருந்த அந்தப் புதுக் கூடை.

அடுத்த திங்கட்கிழமை அக்கா “பெரட்டு”க்குப் போனாள். வேலைக்கு ஆள் பிரிக்கும் காலை வரிசை அது. நான் பள்ளிக்குப் போகும் லோரி அந்த வரிசையைத் தாண்டித்தான் போகும். பனியில் நிற்கும் பெண்களில், முதுகுக் கூடையைச் சரியாக மாட்டத் தெரியாமல் தோளைக் குலுக்கிக்கொண்டிருப்பவள் யார் என்று எட்டத்திலிருந்தே தெரிந்துவிடும். லோரியில் இருந்த பையன்கள் “டேய், உங்கக்காடா” என்று கையாட்டுவார்கள். அவளும் கையாட்டுவாள். எனக்கு மட்டும் அந்த நேரத்தில் சப்பாத்துக் கயிறு அவிழ்ந்துவிடும், குனிந்துகொள்வேன். சில மாதங்களில் அவள் கூடை மாட்டப் பழகிவிட்டாள். பேனா பிடித்த விரல்களின் நுனி கொழுந்துச் சாறு ஏறிக் கறுத்துவிட்டது. சாப்பிட உட்காரும்போது அந்த விரல்களைப் பார்க்காமலிருக்க, நான் தட்டோடு கதவுப் பக்கம் திரும்பிக்கொள்வேன். என்ன மரியாதை தெரியாத பிள்ளை என்று அம்மா திட்டுவாள்.

குழாயடி வகுப்பு மட்டும் நின்றுவிடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரே வாரத்தில் பையன்கள் கேட்டார்கள், நானும் சொன்னேன். இரண்டாவது மாடிக்கு லிப்டில் அக்காவைக் கூட்டிக்கொண்டு போனதாகச் சொன்னேன். துணி துவைத்துக்கொண்டிருந்த அக்காவுக்கு அது கேட்டிருக்கும். அவள் துணியை இன்னும் ஓங்கி அடித்துத் துவைத்தாள்.

அடுத்த வருடம் அவளே மனுப் போட்டாள். கடிதம் வந்தது. வழக்கம்போல அம்மா, “தம்பியக் கூட்டிக்கிட்டுப் போ” என்றாள்.

“வேணாம்மா. இவன் வந்தா செருப்பப் பாத்துக்க ஆளாச்சு, அவ்வளவுதான்.”

வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். அவள் தனியாகப் போனாள், கறுப்புச் சப்பாத்து போட்டுக்கொண்டு. சாயங்காலம் ரிங்லெட்டில் பேருந்திலிருந்து இறங்கியவளின் முகத்தைப் பார்த்தே, எடுத்துவிட்டார்கள் என்று தெரிந்தது. “கதவத் தள்ளினேன், போனேன்” என்று மட்டும் என்னிடம் சொன்னாள். அன்றைக்கு அம்மா பாயசம் வைத்தாள். எனக்கு இரண்டு கிண்ணம் கொடுத்தார்கள்.

அக்கா மிஸ்ஸியாகி, மூத்த மிஸ்ஸியாகி, பல ஊர் மருத்துவமனைகளில் வேலை பார்த்து, சில வருடங்களுக்கு முன்னால் ஓய்வு பெற்றாள். தோட்டத்தில் நாங்கள் இருந்த லயன் வரிசையை இடித்தாகிவிட்டது. கொழுந்தெடுக்க இப்போது வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் பையன்கள் வருகிறார்கள். ரோத்தான் கூடை ஒன்றைக்கூடக் காணோம். ஆபீஸ் கட்டடம் சுற்றுலாக்காரர்கள் தேநீர் குடிக்கும் கடையாகிவிட்டது. பக்கச் சுவரின் ஜன்னல் இருந்த இடத்தில் பெரிய கண்ணாடி பதித்து, மலையைப் பார்த்து உட்கார மேசை போட்டிருக்கிறார்கள். போன விடுமுறையில் என் மகனை அங்கே அழைத்துப் போய், பெரிய கிராணியைப் பற்றிச் சொன்னேன். “கெராணின்னா ஆபீஸ் கிளார்க்குதானேப்பா. அவரப் பாத்து எதுக்குப் பயந்தீங்க?” என்று கேட்டான். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே புரியவில்லை. அவன் தலைமுறைக்கு அந்தப் பயம் கையிருப்பில் இல்லை. இருக்கவும் வேண்டாம்.

அக்கா ஓய்வு பெற்றதற்கு ஈப்போவில் ஒரு விருந்து வைத்தார்கள். உடன் வேலை பார்த்தவர்கள் கதை கேட்க, அவள் முதல் நேர்முகத் தேர்வைப் பற்றிச் சொன்னாள். “நான் பெரிய பயந்தாங்கொள்ளிலா. கண்ணாடிக் கதவத் தள்ளி உள்ள போகப் பயந்துக்கிட்டு, வெளிய சாக்கட ஓரமா நின்னேன். பாவம் என் தம்பி, சின்னப் பையன், எனக்காக அவனும் வெயில்ல நின்னான். அந்த ஆபீசு பெரிய கிராணி வேற அன்னிக்குன்னு பாத்து லேட்டு. அந்த ஆளு மட்டும் நேரத்துக்கு வந்திருந்தா எனக்கு ஒரு வருசம் மிச்சமாயிருக்கும்.” எல்லாரும் சிரித்தார்கள். பக்கத்திலிருந்த ஒரு மிஸ்ஸி, அந்தக் காலத்துக் கிராணிகளே அப்படித்தான் என்று இரண்டு வசவு சேர்த்துக்கொண்டாள். மேசையில் என் சிரிப்புதான் உரக்கக் கேட்டது.

என் பயத்தைத் தன் பயமாக மாற்றி அவள் எப்போது எடுத்துக்கொண்டாள் என்று தெரியவில்லை. அது அவளுடைய பெருந்தன்மை, விட்டுவிடலாம். ஆனால் அந்தக் கிராணியை அவள் நிஜமாகவே நம்புகிறாள். நாற்பது வருடத்துக்கும் மேலாக, முகம் தெரியாத ஒரு மனிதர் மேல் அவளுக்கு அந்தக் கோபம் இருக்கிறது. அப்படி ஒருவர் இல்லை, அக்கா. அன்றைக்கு லேட்டாக வந்த கிராணி என்று யாரும் கிடையாது. அந்தப் பெரியவர் சரியாகத்தான் வழி சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையை ஒரு வரி விடாமல் படிப்பவள் அவள். இது அச்சாகி வந்தால், மதியத்துக்குள் எனக்குப் போன் வரும். வீட்டில் இல்லை என்று சொல்லச் சொல்லி மகனிடம் போனைக் கொடுத்துவிடலாமா என்று இப்போதே ஒரு யோசனை ஓடுகிறது. நானே எடுக்க வேண்டும்.